டர்போவின் குட்டிக் கதவு



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ‘எனக்குத் தெரிந்த ஒரு வேலை’ என்று எழுதித் தரச் சொன்னார் தமிழ் டீச்சர். பூக் கட்டுவது, கோலம் போடுவது, பால் கறப்பது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதில் பாதி எனக்கும் தெரியும். ஆனால் நம் வகுப்பில் எனக்கு மட்டும் தெரிந்த வேலை ஒன்று இருக்கிறது. டர்போ வண்டியின் ஆக்சுவேட்டருக்கு அளவு வைப்பது. பேரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் அப்பா சேந்தமங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் வண்டிகள்தான் அதிகம் வரும். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்றே கொஞ்சம் லேசாக இருக்கும். அதனால் மலைக்குப் போகிற வண்டிக்கு டர்போ சரியாக இருந்தே ஆக வேண்டும்.

டர்போ என்றால் என்ன?

என்ஜினுக்குள் டீசல் எரியக் காற்று வேண்டும். சாதாரண என்ஜின் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். டர்போ வைத்த என்ஜினுக்குக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவார்கள். நம் வீட்டு அடுப்பை ஊதாங்குழல் வைத்து ஊதினால் தீ நன்றாகப் பிடிக்கும் அல்லவா, அது மாதிரிதான். ஆனால் இங்கே ஊதுவது யார் தெரியுமா? என்ஜின் வெளியே தள்ளும் புகையேதான்! வெளியே போகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அதே தண்டின் இன்னொரு முனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். வீணாகப் போகிற புகையை வைத்தே வேலை வாங்குகிறார்கள்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரிக்கலாம். அதிகம் எரிந்தால் புகை அதிகம். புகை அதிகமானால் விசிறி இன்னும் வேகம். விசிறி வேகமானால் மறுபடியும் காற்று அதிகம். இப்படியே போனால் எங்கே நிற்கும்? அதற்காக வைத்ததுதான் வேஸ்ட் கேட். புகை வரும் வழியில் ஒரு குட்டிக் கதவு. காற்றழுத்தம் போதுமான அளவு வந்ததும் இந்தக் கதவு திறந்துவிடும். மிச்சப் புகை விசிறியைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடும். நம் ஊர் ஏரிக்குக் கலிங்கு இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்த பிறகு வருகிற தண்ணீர் கலிங்கு வழியாகப் போகும். கரை தப்பிக்கும்.

அந்தக் கதவைத் திறக்கிற கைதான் ஆக்சுவேட்டர். பார்க்க ஒரு சின்னத் தகர டப்பா மாதிரி இருக்கும். உள்ளே டயாப்ரம் என்று ஒரு ரப்பர் சவ்வு, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், நடுவில் இருந்து வெளியே நீட்டும் ஒரு ராடு. டர்போ அழுத்தும் காற்றில் கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குள் வரும். காற்று ஸ்பிரிங்கை ஜெயித்ததும் ராடு நீளும். ராடு நீண்டால் கதவு திறக்கும். (படம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு ஸ்கெட்ச் புகை, நீல ஸ்கெட்ச் காற்று.)

உங்களுக்குத் தெரியுமா?

* டர்போவைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. 1905-இல் காப்புரிமை வாங்கினார்.

* விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்கள் 1962-இல் அமெரிக்காவில் வந்தன. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் ஒன்று, செவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடர் இன்னொன்று.

* ஸ்வீடன் நாட்டு சாப் கம்பெனி வேஸ்ட் கேட் வைத்த ‘99 டர்போ’ காரை 1977-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியது.

* நம் வகுப்பு ஃபேன் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு சுற்று சுற்றும். கார் டர்போவின் விசிறி நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றையும் தாண்டும்!

இனி நடந்த கதைக்கு வருகிறேன்.

மலை மேலே இருந்து ஒரு பெரியப்பா எங்கள் பட்டறைக்கு வருவார். சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பா அவரை அண்ணா என்று கூப்பிடுவதால் எனக்குப் பெரியப்பா. கடன் வாங்கி எடுத்த ஏழு சீட் டீசல் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றிப் போவார். மிளகு, வாழைத்தார் இறக்கிக்கொண்டு வருவார். ராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர் வண்டியைத்தான் எழுப்புவார்கள். வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்காது இல்லையா? அதனால் வண்டிக்கு ஒன்று என்றால் அவருக்குத் தூக்கம் வராது.

போன கோடை விடுமுறையில் ஒரு நாள் வந்தார். "தம்பி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ரெண்டாங் கியர்லயே அழுவுது. பின்னாடி ஒரே கரும்புகை" என்றார்.

கரும்புகை என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று போகவில்லை என்று அர்த்தம். அப்பா முதலில் ஹோஸ் எல்லாம் பார்த்தார். ஓட்டை இல்லை. டர்போ விசிறியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. கடைசியில் ஆக்சுவேட்டர் ராடைத் தொட்டார். அது தொளதொள என்று இருந்தது. உள்ளே ஸ்பிரிங் செத்துவிட்டது. கதவு எப்போதும் கொஞ்சம் திறந்தே கிடந்திருக்கிறது. கலிங்கு உடைந்த ஏரியில் தண்ணீர் நிற்குமா? அதே கதைதான்.

கம்பெனி சாமான் என்றால் முழு டர்போவாக வாங்க வேண்டும் என்றார்கள். அது பெரியப்பாவுக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால் அப்பா சேலத்தில் இருந்து ஆக்சுவேட்டர் மட்டும் தனியாக வாங்கி வந்தார். வெளிக் கம்பெனி செய்தது. அதன் ராடு முனையில் மரை இருக்கும். திருகினால் ராடு குட்டையாகும், இல்லை நீளமாகும். டப்பாவில் இருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டுப் போனால் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவு நாம்தான் வைக்க வேண்டும்.

அளவு வைப்பது எப்படி?

வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். டர்போ பக்கம் சூடு பயங்கரமாக இருக்கும். முதலில் கதவின் கைப்பிடியை விரலால் ஆட்டிப் பார்த்து, துரு இல்லாமல் லேசாக அசைகிறதா என்று பார்க்கணும். பிறகு கதவை முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டு ராடின் ஓட்டையைக் கதவின் பின்னுக்கு நேராகக் கொண்டுபோகணும். ஓட்டை தானாகப் பின்னில் போய் உட்கார்ந்தால் தப்பு. கொஞ்சம் எட்டாமல் இருக்கணும். ராடை இழுத்து மாட்டணும். அப்படி இழுத்து மாட்டும்போதுதான் ஸ்பிரிங் கதவை அழுத்தி மூடி வைத்திருக்கும்.

எவ்வளவு இழுக்கணும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல பேர் கைப்பழக்கத்தில் வைத்துவிடுவார்கள். அப்பா அப்படி வைக்க மாட்டார். ஹோஸில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு, ஒரு பக்கம் பிரஷர் கேஜ், இன்னொரு பக்கம் காற்று. ராடு முனையில் டயல் கேஜ். ராடு 1 மில்லிமீட்டர் நகரும்போது காற்று எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆனால் அதில் எட்டுப் பத்துக் கிலோ காற்று இருக்கும். திறந்து விட்டால் டயாப்ரம் கிழிந்து போகும். அதற்குத்தான் சைக்கிள் பம்பு. அதை அமுக்குவது என் வேலை.

பம்பு அமுக்குவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். சைக்கிளுக்கு அடிப்பது மாதிரி டக் டக் என்று அடிக்கக் கூடாது. ஒரே அமுக்கு, மெதுவாக. முள் ஏற ஏறக் கைப்பிடி கனக்கும். சொன்ன இடத்தில் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். கை நடுங்கினால் முள்ளும் நடுங்கும். அப்பா என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு டயல் கேஜைப் பார்ப்பார். "ஒண்ணு!" என்று அவர் சத்தம் கொடுத்ததும் நான் பிரஷர் எவ்வளவு என்று சொல்லுவேன். சொன்னதை ரஃப் நோட்டில் எழுதிக்கொள்ளுவேன்.

அந்த வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் இருந்த அளவு 0.8 கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. (வண்டிக்கு வண்டி இது மாறும்.) நான் எழுதியது இது:

முதலில் மாட்டியபோது – 0.5
ஒரு சுற்று முடுக்கியபின் – 0.6
இரண்டு சுற்று – 0.7
மூன்று சுற்று – 0.8

மரையில் ஒரு சுற்று என்றால் 1 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 0.1 கிலோ ஏறுகிறது என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நம் ‘பாய்மங்கள்’ பாடத்தில் அழுத்தம் = உந்துவிசை ÷ பரப்பு என்று படித்தோமே, அதைப் போட்டுப் பார்த்தேன். டயாப்ரம் விட்டம் 4 செ.மீ. ஆரம் 2. பரப்பு 22/7 × 2 × 2 = 12.57 சதுர செ.மீ. அதை 0.8-ஆல் பெருக்கினால் 10.06. அதாவது அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் பத்துக் கிலோ அரிசிச் சிப்பத்தைத் தாங்குகிற அளவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! பாடத்தில் படித்த சூத்திரம் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்பா பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்து லாக் நட்டை முடுக்கப் போனார். அப்போதுதான் பெரியப்பா சொன்னார்.

"தம்பி, இன்னும் நாலு சுத்து சேத்தி முடுக்கி உடு. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வண்டிக்கு அப்படித்தான் வெச்சாங்களாம். ராக்கெட்டாட்டம் ஏறுதுங்கறான்."

"வேண்டாங்ணா. புத்தகத்துல இருக்கற அளவு போதும்" என்றார் அப்பா.

"புத்தகம் எழுதுனவன் கொல்லிமலை ஏறியிருக்கானா?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பா அதிகம் பேச மாட்டார். என்னைப் பார்த்து, "பாப்பா, நீ எழுதி வெச்சதைப் பெரியப்பாகிட்டக் காட்டு" என்றார்.

நான் நோட்டைக் காட்டினேன். "ஒரு சுத்துக்கு 0.1 ஏறுதுங் பெரியப்பா. நாலு சுத்துன்னா 1.2 ஆயிரும். ஓட்டறப்ப அதிகபட்சமே 1 தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்குதுங். ராடு குட்டையாக ஆக, கதவு லேட்டாத் திறக்கும். திறக்கற அளவும் குறைஞ்சுரும்" என்றேன்.

அப்பா மிச்சத்தைச் சொன்னார். விசிறி அளவுக்கு மேல் சுற்றும். அந்தத் தண்டு ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது, அது தாங்காது. ஹெட் கேஸ்கெட் போகலாம். எல்லாவற்றையும் விட, அந்த வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. காற்றழுத்தம் அளவு தாண்டினால் அது டீசலைக் குறைத்துவிடும். "நாப்பதாவது வளைவுல ஆளை வெச்சுக்கிட்டு ஏறறப்ப சடக்குன்னு இழுவை போச்சுன்னா என்னங்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

பெரியப்பா நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பொட்டப்புள்ள கணக்குப் போட்டா வண்டி ஏறிருமா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் ஆத்தாவும் இதையேதான் சொல்லும். "வயசுக்கு வந்த புள்ளைக்குப் பட்டறையில என்ன வேலை" என்று. ஆத்தா சொன்னால் அப்பா பேசாமல் இருப்பார். அன்றைக்குப் பேசினார்.

"ஏத்திக் காட்டறங்ணா. ஏறலைன்னா கூலி வேண்டாம்."

இரண்டு நாள் கூலி அது. பட்டறை வாடகைக்கு அம்மா எண்ணி வைத்திருந்த பணம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அப்பா லாக் நட்டை முடுக்கி, கிளிப்பைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா, கேஜை எடுத்துக்கிட்டு முன்னாடி ஏறு" என்றார்.

கேஜின் ஹோஸை நீளமாக்கி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்தோம். பெரியப்பா வேண்டுமென்றே ஆறு மூட்டை சிமென்ட் ஏற்றினார். அதுவே முந்நூறு கிலோ. அப்பா பின்னால், நான் முன் சீட்டில், மடியில் கேஜ். காரவள்ளி தாண்டி மலை ஆரம்பித்தது.

வளைவில் வண்டி திரும்பும்போது முள் கீழே விழும். வளைவு முடிந்து ஏற்றத்தில் மிதித்ததும் மேலே வரும். 0.3, 0.5, 0.7... எனக்கு மூச்சே வரவில்லை. 0.8. கொஞ்சம் மேலே, 0.85. அங்கே நின்றது. பெரியப்பா இன்னும் மிதித்தார். முள் அங்கேயே நின்றது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தக் குட்டிக் கதவு திறந்துகொண்டது எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, எல்லாவற்றிலும் அதே இடம். கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை இல்லை. வண்டி அழவில்லை.

பத்தாவது வளைவு தாண்டியதும் பெரியப்பா கேட்டார். "இன்னும் முள்ளு அங்கயேதான் நிக்குதா?"

"ஆமாங் பெரியப்பா. அங்கயேதான் நிக்குது."

இருபதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு பையில் இருந்து பணத்தை எடுத்து இரண்டு தரம் எண்ணி அப்பா கையில் கொடுத்தார். "ராக்கெட் இல்ல. ஆனா ஏறுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முகம் முழுதாகத் தெளியவும் இல்லை. நானும் அப்பாவும் மேலே இருந்து வந்த பஸ்ஸில் ஏறி இறங்கி வந்தோம். பஸ்ஸில் அப்பா என் கையை எடுத்துப் பார்த்தார். பம்பு அமுக்கி உள்ளங்கை சிவந்திருந்தது. "நாளைக்குத் துணி சுத்திக்க" என்றார். நாளைக்கும் வரச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

போன மாதம் பெரியப்பா ஆயில் மாற்ற வந்தார். பின் சீட்டில் காய்ச்சலோடு ஒரு பாட்டி. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மலைக்குத் திரும்புகிறார்களாம். நான் பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்தேன். பையைக் கூட இறக்கவில்லை. "பாப்பா, அந்த முள்ளை ஒருக்காப் பாத்துச் சொல்லிரு. பாட்டியை வெச்சு ஏறணும்" என்றார். பம்பை எடுத்து அமுக்கினேன். அப்பா "ஒண்ணு!" என்றார். 0.8. மாறவே இல்லை. நான் சொன்ன எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பெரியப்பா வண்டியை எடுத்தார்.

நண்பர்களே, இதில் நான் தெரிந்துகொண்டது ஒன்று. இழுவை அதிகம் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஆசை தெரியாது, அளவுதான் தெரியும். அளவை ஆளைப் பார்த்து வைக்கக் கூடாது. முள்ளைப் பார்த்து வைக்க வேண்டும். முள்ளைப் படிப்பது ஆணா பெண்ணா என்று முள்ளுக்குத் தெரியாது.

பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யா, பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. ஆத்தா இரண்டும் வேண்டாம் என்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் சேலம் போனவர் எனக்கென்று தனியாக ஒரு டயல் கேஜ் வாங்கி வந்திருக்கிறார்.

யாருக்காவது பார்க்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். பம்பு நான் தருகிறேன். மெதுவாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்லுங்கள்: அதே பத்துக் கிலோ ஸ்பிரிங், ஆனால் டயாப்ரம் விட்டம் 5 செ.மீ. என்றால், கதவு எத்தனை அழுத்தத்தில் திறக்கத் தொடங்கும்? விடையைத் தாளில் எழுதி, பேரும் போட்டு, கீழே உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த மாதத் தாளில்.

– 9-ஆம் வகுப்பு மாணவி